அரசியல் பேசாதீர்

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனைக் காபி கிளப்பில், கல்லாவுக்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்கியது. நீலப் பூச்சின் மேல் வெள்ளை எழுத்து: ‘இங்கு அரசியல் பேசாதீர்’. அதற்கு நேர் கீழே கிடந்த பெஞ்சில்தான் 1960களில் ஊர் அரசியல் முழுவதும் பேசப்பட்டது. பேச்சு சூடேறினால் முதலாளி பலகையைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், பிறகு தன் பங்குக்கு ஒரு வார்த்தை போட்டுவிட்டுச் சில்லறை எண்ணப் போய்விடுவார்.

எனக்கு இப்போது 80 வயது. திருச்சியில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறேன். காலையில் வளாகத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கும் கிழவர்கள் பதினைந்து பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதன் முதல் விதியும் அதுதான்: அரசியல் கூடாது. இந்த விதியை நாங்கள் எல்லோரும் மதிக்கிறோம் என்பதுதான் வேறுபாடு. பிறந்தநாள் வாழ்த்து, முழங்கால் வலிக்குத் தைலம், பூப்போட்ட காலை வணக்கம், இவற்றோடு சரி. மூன்று வருடமாக என்னோடு நடக்கும் ஒருவர் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் கட்சி அவருக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் நடை நின்றுபோகுமோ என்ற பயம் இருவருக்கும் இருக்கிறது.

அன்றைய பெஞ்சில் அந்தப் பயம் இருந்ததில்லை. நிரந்தரமாக நான்கு பேர் உட்காருவோம். கதர்ச்சட்டை ஆசிரியர் ஒருவர். காமராஜரைத் தவிர இன்னொரு தலைவர் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. திருபுவனத்திலிருந்து வரும் பட்டு நெசவாளி ஒருவர், கம்யூனிஸ்ட். கக்கத்தில் மடித்த ‘ஜனசக்தி’. கறுப்புச் சட்டை போட்ட தையல்காரர் ஒருவர். ‘விடுதலை’ வந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். நான்காவது ஆள் நான். பூணூல் போட்ட வங்கி எழுத்தன். ‘சுயராஜ்யா’ வார இதழும் ராஜாஜி மீது பக்தியும் என் சொத்து. பத்திரிகைகள் கைமாறிக்கொண்டே இருக்கும். எதிராளியின் பத்திரிகையைப் படிக்காமல் எதிராளியைத் திட்டுவது அங்கே கௌரவக் குறைவு.

1967 பிப்ரவரியில் நான் முதல் முறையாக வாக்களித்தேன். அப்போது வாக்குரிமைக்கு 21 வயது ஆக வேண்டும். 18 ஆனது 1989இல். ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் அண்ணாவின் தி.மு.க.வும் அந்தத் தேர்தலில் ஓரணி. பெரியாரோ காமராஜர் பக்கம். அதனால் பூணூல் போட்ட நான் தி.மு.க. அணிக்கும், கறுப்புச் சட்டைத் தையல்காரர் காங்கிரசுக்கும் வாக்களித்தோம். சாதியை வைத்து வாக்கைக் கணக்குப் போடுகிறவர்கள் அன்று எங்கள் பெஞ்சுக்கு வந்திருந்தால் பென்சிலைக் கீழே போட்டிருப்பார்கள். தி.மு.க. 137 இடங்களில் வென்றது. விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஆசிரியர் இரண்டு நாள் கடைப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் நானும் நெசவாளியும் வீட்டுக்கே போனோம். “ஜெயிச்சவன் வந்து கூப்பிடறப்போ வராம இருந்தா மரியாதை இல்லை, நடங்கடா” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் காலத்துத் தலைவர்களும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சொன்னால் கிழவன் கதையளக்கிறான் என்று தோன்றும். ஆனால் 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தபோது, வாழ்நாளெல்லாம் அவரை எதிர்த்த பெரியார், 93 வயதில், சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து தேம்பி அழுதது பலரும் பார்த்த காட்சி. அடுத்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அவரும் போய்விட்டார். அந்த இரண்டு மரணங்களுக்கும் நடுவே என் அப்பா இறந்தார். தையல்காரர் கறுப்புச் சட்டையோடு காவிரிக் கரைவரை வந்தார். மந்திரம் சொல்லும்போது மட்டும் பத்தடி விலகி நின்றார். எல்லாம் முடிந்ததும் என் தோளில் முதலில் விழுந்தது அவர் கைதான்.

இதுவரை படித்தால் பொற்காலம் போலத் தெரியும். கடையின் பக்கவாட்டையும் சொல்ல வேண்டும்.

பக்கவாட்டில் கூரை இறவாணத்தில் மூன்று அலுமினிய டம்ளர்கள் செருகியிருக்கும். சேரியிலிருந்து வருகிறவர்கள் அங்கே நிற்பார்கள். அவர்களே டம்ளரை உருவி நீட்ட வேண்டும். முதலாளி உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்து, கழுவி, செருகிவிட்டுப் போவார்கள். நாங்கள் தனிமனித சுதந்திரமும் சமதர்மமும் பேசிய பெஞ்சுக்கும் அந்த இறவாணத்துக்கும் எட்டடி இருக்கலாம். தையல்காரர் ஓரிரு முறை கேட்டார். “யாவாரம் படுத்துரும்ணே” என்றார் முதலாளி. நாங்கள் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். நான் கேட்கவே இல்லை. அந்த டம்ளர்கள் என் கண்ணில் படாமல் இருந்தன என்று சொல்ல முடியாது. தினமும் பட்டன, பட்டுப் பட்டுச் சுவர்போல ஆகிவிட்டிருந்தன.

1968 டிசம்பர் 25 இரவு, அதே தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாகப் பெரும்பாலோர். விவசாயக் கூலிகள், கூலியாகக் கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட தகராறு. நெசவாளி செய்தியைப் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பத்திரிகையை என்னிடம் நீட்டினார். நானும் படிக்கவில்லை. அன்றுதான் நான் முதல் முறையாக இறவாணத்தைத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்காரர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நேரில் போய் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பு சொன்னது. நீதிமன்றம்தான் குடிமகனின் கடைசிப் புகலிடம் என்று பெஞ்சில் வாய் ஓயாமல் சொன்னவன் நான். அன்று தையல்காரர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இன்று அந்த ஊருக்குப் போனால் காபி கிளப் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. எதிரே ஒரு டீக்கடையில் எல்லோருக்கும் காகிதக் கோப்பை. குடித்ததும் கசக்கித் தொட்டியில் போடுகிறோம். யார் வாய் வைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. சமத்துவத்தைச் சீர்திருத்தக்காரர்கள் பாதி தூரம் கொண்டுவந்தார்கள், மீதியைக் காகிதக் கோப்பை வியாபாரி கொண்டுவந்தார் என்று வேடிக்கையாகச் சொல்வேன். முழுதும் வந்துவிடவும் இல்லை. 2022 டிசம்பரில், திருச்சிக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில் பட்டியல் சாதியினர் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது எங்கள் நடைக் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விதி இருக்கிறதே.

நான் என்னை லிபரல் என்று சொல்லிக்கொள்பவன். அந்தச் சொல்லுக்குத் தமிழில் நிலையான ஒரு பெயர் அமையவே இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்து வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் காலத்தில் ‘மிதவாதி’ என்றார்கள். காந்தியின் ஒத்துழையாமையை ஏற்காமல் லிபரல்களோடு நின்றவர் அவர். ஆயினும் காந்தி அவரை அண்ணனாகவே மதித்தார், அவர் சாகக் கிடந்தபோது வந்து பார்த்தார். பிறகு ‘தாராளவாதி’ என்ற சொல் வந்தது. 1991க்குப் பிறகு அது தாராளமயமாக்கலோடு ஒட்டிக்கொண்டது. நான் அந்தப் பெயரைச் சொன்னால் கடன் அட்டை விற்க வந்தவன் என்று நினைத்தார்கள். இப்போது இளைஞர்கள் ‘நடுநிலை’ என்கிறார்கள். அதோடு அவர்கள் சேர்க்கும் இன்னொரு சொல்லை இங்கே எழுத முடியாது. மூன்று பெயரிலும் வசவு உண்டு. மிதவாதி என்றபோது கோழை என்று பொருள். நடுநிலை என்னும்போது கள்ளன் என்று பொருள். இதில் எது மேல் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

என் கட்சியின் கதை சுருக்கமானது. சுதந்திராக் கட்சி 1959இல் பிறந்தது, 1967இல் மக்களவையில் 44 இடம், 1971இல் 8, 1974இல் இன்னொரு கட்சியில் கரைந்தது. பதினைந்து ஆண்டு ஆயுள். அதன்பின் நான் ஒரு கட்சிக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் யாருக்கு என்று யோசித்துக்கொண்டே வரிசையில் நிற்கிறேன்.

அந்தக் கட்சிக்காரனாக நான் அடித்துப் பேசியவற்றில் முதலாவது வங்கி தேசியமயம். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. நான் வேலை பார்த்த வங்கியும் அதில் ஒன்று. சொத்துரிமையின் மேல் விழுந்த அடி என்று நான் கொதித்தேன். அடுத்த பிப்ரவரியில், நானி பல்கிவாலா வாதாடி, உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றபோது பெஞ்சில் எல்லோருக்கும் என் செலவில் காபி. சில நாளில் அவசரச் சட்டம் போட்டு அரசு மறுபடி எடுத்துக்கொண்டது. காபிக் காசு போனதுதான் மிச்சம்.

அதுவரை எங்கள் கிளைக்குள் நுழைந்தவர்கள் வக்கீல்கள், மிராசுதார்கள், பாத்திரக் கடைக்காரர்கள். பத்தாண்டு கழித்து, ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுக்க என்னைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். தெரு எல்லைக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டுப் போன முதல் நாள், ஒரு பெண் திண்ணையைச் சாணமிட்டு மெழுகி, அது காயும்வரை என்னை நிற்க வைத்தாள். பிறகு அவள் வீட்டில் காபி குடித்தேன். அவள் டம்ளரில். மறுவாரம் அவள் வங்கிக்கு வந்து பெருவிரலை மையில் ஒற்றிப் பத்திரத்தில் வைத்தாள். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் நுனியில்தான் உட்கார்ந்தாள். அந்தக் கடன்களில் எத்தனையோ திரும்பி வரவில்லை. மாடுகள் காகிதத்தில் மட்டும் பால் கறந்த கதைகளும் எனக்குத் தெரியும், சிலவற்றில் கையெழுத்து என்னுடையது. ஆனாலும் அந்த நாற்காலி நுனியைப் பார்த்தபின், பல்கிவாலாவின் வாதத்தைப் பழைய உற்சாகத்தோடு என்னால் சொல்ல முடியவில்லை. நான் தவறு என்று அப்போது ஒப்புக்கொள்ளவும் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

இன்று வங்கிக் கணக்கு இல்லாத வீடு அரிது. ரேகை வைத்தவளின் பேத்தி வயதுப் பெண்கள் கைப்பேசியில் பணம் அனுப்புகிறார்கள். கடன் வாங்க யாரும் நாற்காலி நுனியில் உட்கார வேண்டியதில்லை. நுண்கடன் நிறுவனங்கள் வாசலுக்கே வருகின்றன. வாராவாரம் வசூலுக்கும் வாசலுக்கே வருகின்றன. ஒரு தவணை தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் முன்னால் நிறுத்திக் கேட்கிறார்கள். அன்று வாராக்கடன் என்று எழுதினோம். அவமானம் எங்கள் பேரேட்டில் இருந்தது. இன்று அது அவள் வாசலில் இருக்கிறது.

நெருக்கடி நிலை எங்கள் பெஞ்சுக்குத் தாமதமாக வந்தது. 1975 ஜூன் 25 இரவு அறிவித்தார்கள். ஆனால் மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி அதை எதிர்த்து நின்றதால் ஏழு மாதம் இங்கே கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. 1976 ஜனவரி 31 அன்று அந்த ஆட்சியைக் கலைத்தார்கள். மறுநாள் தையல்காரர் பேசத் தொடங்குமுன் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பத்து வருடத்தில் அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பேச்சைக் குறைத்து உழைப்பைப் பெருக்கச் சொல்லும் வாசகங்கள் பேருந்துகளில் வந்தன. காபி கிளப் முதலாளி தகரப் பலகையைத் துடைத்து வைத்தார். அன்றுதான் அது முதல் தடவையாக வேலை செய்தது. வங்கியில் மேலதிகாரி ஒருவர், மேசைமேல் அரசியல் பத்திரிகை வேண்டாமே என்று தன்மையாகச் சொன்னார். நான் ‘சுயராஜ்யா’வை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தன்மையாகச் சொன்னது போதுமானதாக இருந்தது. ரயில் நேரத்துக்கு வருகிறது என்று நானும் ஒருமுறை சொன்னேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் ஒருவரைக் காரணமின்றிச் சிறையில் வைத்தாலும் அவர் நீதிமன்றம் வர முடியாது என்றது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் வடக்கே இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார். இங்கேயோ அவர் கட்சி இருந்த கூட்டணி 39 இடங்களில் 34ஐ வென்றது. சுதந்திரம் பறிபோனதை என் மாநிலம் பெரிதாக நினைக்கவில்லை என்பது அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பாடம். இறவாணத்து டம்ளரில் குடித்தவர்களுக்கு, நான் இழந்ததாகச் சொன்ன சுதந்திரம் முன்பே இருந்ததா என்று கேட்டுக்கொள்ள எனக்கு இன்னும் சில வருடம் பிடித்தது.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தப் பழைய தீர்ப்பைக் குப்பையில் போட்டார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட், 1976இல் பெரும்பான்மையோடு நின்றவர்களில் ஒருவர் அவர் தந்தை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். நான்கு வருடம் கழித்து, இதே திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே மும்பையில் இறந்தார். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கியதால் உறிஞ்சிக் குடிக்கும் குவளை கேட்டார். அது கிடைக்கவே வாரக்கணக்கானது. அவரை உள்ளே வைத்த சட்டம் இயற்றப்பட்டது 1967இல், நான் முதல் வாக்குப் போட்ட ஆண்டில். அதன் பிறகு பல முறை கடுமையாக்கப்பட்டது. நெருக்கடி நிலை அறிவித்துச் சிறையில் வைத்தார்கள் அன்று. இன்று அறிவிப்பு தேவைப்படவில்லை.

பேச்சுரிமையிலும் இப்படி ஓர் இரட்டைக் கணக்கு உண்டு. 1971 ஜனவரியில் சேலத்தில் பெரியார் தலைமையில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலம் பக்தர்களைக் கொதிக்க வைத்தது. அந்தப் படங்களை வெளியிட்ட சோவின் ‘துக்ளக்’ இதழ் பறிமுதலானது. நான் பெஞ்சில் இரண்டு பேரையும் ஆதரித்தேன்: ஊர்வலம் போக அவர்களுக்கு உரிமை, அதை அச்சிடச் சோவுக்கு உரிமை. இரண்டு பக்கமும் என்னைத் திட்டினார்கள், காபியும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. 184 இடம் பெற்றது, ஊர் பிளக்கவில்லை. 2015 ஜனவரியில், 2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ என்ற நாவலுக்காகத் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று பெருமாள்முருகன் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அன்று சட்டம் பத்திரிகையைப் பறித்தது, மக்கள் விட்டுவிட்டார்கள். இன்று கூட்டம் எழுத்தாளனைப் பறித்தது, சட்டம் மீட்டுக் கொடுத்தது. தீர்ப்பு வந்ததும் என் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் நான் அதை வரவேற்று இரண்டு வரி எழுதினேன். ஐந்து பேர் குழுவை விட்டுப் போனார்கள். அதில் ஒருவனுக்கு நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

தேர்தலைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. அன்று சட்டமன்ற வேட்பாளருக்கு வைப்புத் தொகை 250 ரூபாய், இன்று 10,000. அன்று ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியை மாற்றியது. இன்று குடும்ப அட்டைக்கு இலவசமாகவே அரிசி வருகிறது, பசி குறைந்திருக்கிறது, இதைக் கேலி பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அன்று வாக்குச் சீட்டில் முத்திரை குத்தினோம். 2001 முதல் பொத்தான். பணம் அன்றும் இருந்தது, ஆனால் பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலையே ரத்து செய்த சம்பவம் 2019இல் வேலூரில்தான். எங்கள் காலத்தில் வேட்பாளரின் சொத்தும் வழக்கும் நமக்குத் தெரியாது. லிபரல்கள் நீதிமன்றப் படியேறி அந்தத் தகவலை வாங்கிக் கொடுத்தோம். தெரிந்தால் மக்கள் திருத்திவிடுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. 2024இல் மக்களவைக்கு வென்ற 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள், 251 பேர் தம்மேல் குற்ற வழக்கு இருப்பதாகத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள். எல்லாம் தெரிந்துதான் போட்டோம்.

அரசியலில் நான் கண்ட மாறுதல்களைவிட வீட்டுக்குள் கண்டவை பெரியவை என்று இப்போது தோன்றுகிறது. என் அம்மா ஒவ்வொரு தேர்தலிலும் அப்பாவோடு போய் வாக்களித்துவிட்டு வருவாள். யாருக்கு என்று கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். சாகும்வரை சொல்லவில்லை. வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே ரகசியம் அதுதான். அரசியல் சட்டம் கொடுத்தது. என் பேத்தி தான் விரும்பியவனைப் பதிவாளர் அலுவலகத்தில் மணந்தாள். அவன் சாதியை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நினைத்தவர்கள் இருந்தார்கள், கேட்கவில்லை, அவ்வளவே. அதே நாட்டில், 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்த சங்கர் என்ற இளைஞனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள்.

என் அக்காவின் கதையை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். அப்பா இறந்தபின் பூர்வீக நிலத்தையும் வீட்டையும் நானும் தம்பியும் பிரித்துக்கொண்டோம். அக்காவுக்குக் கல்யாணத்தில் போட்ட நகையோடு கணக்குத் தீர்ந்ததாகப் பத்திரம் எழுதினார்கள். மகன்களுக்குச் சமமாக மகளைச் சட்டமும் அன்று பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் 1989இல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்தது, அதற்குள் மணமாகிவிட்டவர்களுக்கு இல்லை. 2005இல் நாடு முழுவதும் வந்தது, ஏற்கெனவே பிரித்துப் பதிவு செய்த சொத்துக்கு இல்லை. அக்கா இரண்டு கதவுக்கும் வெளியே நின்றாள். 2020இல் மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்த மறுநாள், நான் உற்சாகமாக அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஏண்டா, அன்னிக்குக் கையெழுத்துப் போட்டப்போ உன் லிபரல் எங்கடா போயிருந்தது?” என்றாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். சட்டம் தடுக்காத ஒன்றை நான் அன்றைக்கே கொடுத்திருக்கலாம். மறுவருடம் என் பங்கில் விற்காமல் இருந்த ஒரே மனைக்கட்டை அவள் பேரில் எழுதினேன். ஐம்பது வருட வட்டி அதில் சேரவில்லை.

பெஞ்சு நண்பர்கள் மூவரும் இப்போது இல்லை. ஆசிரியர் எண்பதுகளில் போனார், கடைசிவரை கதர். நெசவாளியின் பேரன் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறான், தறி விற்கப்பட்டுவிட்டது. தையல்காரரின் மகன் திருச்சியிலேயே இருக்கிறான். அப்பாவைவிடத் தீவிரமானவன், என் வீட்டுக்கு வருவான், என் கட்டுரைகளைப் படித்துவிட்டு என் சாதியை வைத்து என் கருத்தைத் தள்ளுபடி செய்வான். அவன் அப்பா அதைச் செய்ததில்லை. ஆனால் அவன் அப்பாவோடு பேசிய காலத்தில் நான் இறவாணத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்ததோடு சரி. அவன் பார்க்க வைக்கிறான். போன மாதம் அவனிடம் ‘விடுதலை’யைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அவனுக்குக் கொடுக்க என்னிடம் இப்போது ஒரு பத்திரிகையும் இல்லை.

எங்கள் நடைக் குழுவின் முதல் விதியை நீக்க வேண்டும் என்று சென்ற வாரம் செயலாளரிடம் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.